மாம்பழம் + பப்பாளி ஸ்மூத்தி: வீட்டு மிக்ஸியில் கெட்டியாக வருமா? பால் சேர்த்தால் ஏன் கசக்கிறது?

வைகைக்கரை:

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். மாம்பழம் முடிவதற்குள் இதற்கு ஒரு வழி தெரிந்தாக வேண்டும். கடையில் கொடுக்கும் மாம்பழ ஸ்மூத்தி வழவழவென்று கெட்டியாக, ஸ்ட்ராவில் உறிஞ்சினால் கன்னம் வலிக்கிற அளவுக்கு இருக்கிறது. நான் வீட்டில் செய்தால் மாம்பழ வாசனை அடிக்கிற பால், அவ்வளவுதான். மேலே நுரை, கீழே தண்ணீர், நடுவில் நார்.

செய்வது இப்படி: ஒரு பெரிய மாம்பழம், கூட ஒரு கிண்ணம் பப்பாளி, ஒரு டம்ளர் பால், ஐஸ் கட்டி ஒரு கை, கொஞ்சம் சர்க்கரை, எல்லாவற்றையும் ஒன்றாக ஜாரில் போட்டு ஓட்டுகிறேன். உடனே குடித்தால் சுமாராக இருக்கிறது. வீட்டுக்காரர் வரட்டும் என்று ஃபிரிட்ஜில் எடுத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கசப்பு ஏறிவிடுகிறது. பால்தான் கெட்டுவிட்டதோ என்று பார்த்தால் அதே பாலில் போட்ட காபி நன்றாக இருக்கிறது. அன்னாசி போட்டால் இன்னும் மோசம், திரிதிரியாகப் போய்விடுகிறது.

யோசனை சொல்கிறவர்கள் இரண்டு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு வாழைப்பழ வாசனையே ஆகாது, இணையத்தில் எந்தக் குறிப்பைத் திறந்தாலும் முதல் வரியில் வாழைப்பழம் நிற்கிறது. என்னிடம் இருப்பது பழைய 500 வாட் மிக்ஸி. இதற்காகத் தனியாக பிளெண்டர் வாங்கும் எண்ணம் இல்லை.


சும்மாவந்தவன்:

கடைக்காரர் வெனிலா ஐஸ்க்ரீம் இரண்டு கரண்டி போடுகிறார், நீங்கள் போடவில்லை. ரகசியம் அவ்வளவுதான். போய் ஒரு டப்பா வாங்கி வாருங்கள்.


நுரைப்பால்:

ஐஸ்க்ரீம் போட்டால் கெட்டியாகும், உண்மைதான். ஆனால் அப்போது அது மில்க் ஷேக். சர்க்கரையும் வெனிலா வாசனையும் ஏறி மாம்பழம் பின்னால் போய்விடும். சீசனில் நல்ல பழம் காசு கொடுத்து வாங்கிவிட்டு அதை வெனிலாவுக்குள் ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

நான் பால் பண்ணை வேலையில் இருப்பவள், அதனால் கசப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் பால் கெடவில்லை. பப்பாளியில் பப்பைன் என்று ஒரு நொதி உண்டு. முற்றிய ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு போடுவோமே, அந்த வேலையைச் செய்வது இதுதான். காயின் பாலில் அதிகம், பழுத்தால் குறைந்துவிடும், ஆனாலும் ஒரு டம்ளர் பாலைக் கசக்க வைக்க மிச்சமிருப்பதே போதும். கறியில் புரதத்தை அறுக்கிற மாதிரி பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதத்தையும் அறுத்துப் போடுகிறது, அந்தத் துணுக்குகளில் சில நாக்கில் பட்டால் கசக்கும். நேரம் ஆக ஆகக் கசப்பு கூடுவது இதனால்தான். ஃபிரிட்ஜில் வைத்தால் வேகம் குறையும், நிற்காது. தைவானில் பப்பாளிப் பால் ரொம்பப் பிரபலமான கடைப் பானம். அங்கேயும் கண்ணெதிரே அடித்துக் கொடுப்பார்கள், வாங்கினால் உடனே குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இதே கதைதான்.

அன்னாசியில் இருப்பது புரோமலைன், அதுவும் இதே ஜாதி. அன்னாசியில் கூடுதலாகப் புளிப்பும் இருக்கிறது. பாலின் பிஎச், அதாவது புளிப்பைக் காட்டும் எண் (குறைந்தால் புளிப்பு அதிகம்), சாதாரணமாக 6.6, 6.7 இருக்கும். அது 4.6 பக்கம் இறங்கினால் கேசீன் திரண்டுவிடும். அன்னாசிச் சாறு அதற்கும் கீழே. உங்களுக்கு வந்த திரிகள் அதுதான். ஆனால் அன்னாசிக்கு வழி இருக்கிறது: துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரையோடு வாணலியில் போட்டு, சாறு விட்டு நன்றாகக் கொதித்து வரும் வரை சில நிமிடம் விடுங்கள், நொதி செயலிழந்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது என்பதால் அதில் இந்தத் தொல்லையே இல்லை. ஜெலாட்டின் போட்டு அன்னாசி புட்டிங் செய்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும், பச்சை அன்னாசி போட்டால் உறையாது, டின்னில் வந்தது என்றால் உறையும். கசப்பு போனாலும் புளிப்பு போகாது, அதனால் வேக வைத்த அன்னாசியைக் கூடப் பாலுக்குப் பதில் தயிரோடு சேர்ப்பதுதான் நல்லது. தயிர் ஏற்கெனவே திரண்டதுதானே, இனி திரிய என்ன இருக்கிறது.

பப்பாளிக்கு இந்தச் சூடு வைத்தியம் சரிப்படாது. பப்பைன் சூட்டை நன்றாகத் தாங்கும், அதை அடக்கும் அளவுக்குக் காய்ச்சினால் பழம் குழைந்து ஜாம் வாசனை வந்துவிடும். பப்பாளியைப் பாலிலிருந்து பிரித்துவிடுங்கள், அது தேங்காய்ப்பாலோடு போகட்டும்.

இப்போது கெட்டித்தன்மை. மாம்பழத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் தண்ணீர், பாலில் 87 பங்கு தண்ணீர், அதற்கு மேல் நீங்கள் ஐஸ் கட்டி என்ற பெயரில் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். கெட்டியாக எங்கிருந்து வரும்? ஐஸை விட்டுவிட்டுப் பழத்தையே உறைய வையுங்கள். குளிர்ச்சியும் கெட்டியும் பழத்திலிருந்தே வர வேண்டும். மாம்பழத்தைச் சின்னச் சின்னத் துண்டாக, சுண்டுவிரல் நுனி அளவுக்கு வெட்டி, எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி ஃபிரீசரில் வையுங்கள், இறுகிய பிறகு கவரிலோ டப்பாவிலோ கொட்டி மூடிவிடலாம். நேராக டப்பாவில் கொட்டி வைத்தால் ஒரே பாறையாகிவிடும், அப்புறம் அதை உடைக்க உலக்கை தேட வேண்டும்.

அளவு: உறைந்த பழம் 300 கிராம் என்றால் பால் 100 மில்லி போதும். முதலில் பார்க்கும்போது இது எப்படி அரைபடும் என்று தோன்றும், ஆனால் அரைபடும். போதவில்லை என்றால் ஒவ்வொரு ஸ்பூனாக ஊற்றிக்கொள்ளலாம், ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது.

பாலும் முக்கியம். ஆவினில் நீலப் பாக்கெட் 3 சதவீதக் கொழுப்பு, ஆரஞ்சு 6. க்ரீம் மாதிரி வேண்டும் என்றால் ஆரஞ்சு வாங்குங்கள். கொழுப்பு வேண்டாம் என்கிறவர்கள் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் கிடைக்கும் கெட்டித் தயிரில் மூன்று நான்கு ஸ்பூன் போடலாம், அதுவே வேறு ரகம். ஒரு சிட்டிகை உப்பு மறக்காதீர்கள், குளிர்ந்த பொருளில் இனிப்பு மந்தமாகத்தான் தெரியும், உப்பு அதைத் தூக்கிக் கொடுக்கும். சர்க்கரையைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள், நல்ல பழமாக இருந்தால் தேவையே படாது.

நார் தொல்லைக்கு ரகம் பார்த்து வாங்க வேண்டும். பங்கனப்பள்ளியில் நார் ரொம்பக் குறைவு, நிறமும் நன்றாக வரும். அல்போன்சா இன்னும் வழவழப்பு. நாட்டு மாம்பழம் ருசியில் ராஜா, ஆனால் அதை அடித்தால் பல்லிடுக்கு முழுக்க நார்தான், கசக்கிச் சாறு எடுத்துச் சல்லடையில் தேய்த்தால் மட்டும் உதவும். இமாம் பசந்தை மிக்ஸியில் போடுகிறவர்களை நான் மன்னிப்பதில்லை, அது கையில் பிடித்துச் சாப்பிட வேண்டிய பழம். கிளிமூக்கு தனியாகச் சப்பென்றும் புளிப்பாகவும் இருக்கும், ஆனால் கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகளுக்கு அதுதான் லோடு லோடாகப் போகிறது, சதை அதிகம் என்பதால். கடையில் வாங்கும் டப்பாக் கூழில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.


நாஞ்சில்காரி:

நுரைப்பால் அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பழத்தை மட்டும் இல்லை, பாலையும் உறைய வைக்கலாம். எங்கள் ஊர் கேரளா பார்டர். அந்தப் பக்கம் ஜூஸ் கடையில் போய் நின்று பார்த்தால் தெரியும், ஃபிரீசரில் பால் பாக்கெட் கல் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள், ஷேக் கேட்டால் ஒன்றை எடுத்து மேடையில் ஓங்கித் தட்டி உடைத்து, அந்த உடைந்த பாலைப் பழத்தோடு போட்டு அடிப்பார்கள். ஷார்ஜா ஷேக் என்று ஒன்று உண்டே, அதன் சூட்சுமமே இதுதான். சின்ன வாழைப்பழம், உறைந்த பால், சர்க்கரை, பூஸ்டோ ஹார்லிக்ஸோ கொஞ்சம். ஐஸ்க்ரீம் இல்லாமலேயே ஐஸ்க்ரீம் பக்கம் வந்துவிடும், ஐஸ் கட்டி போட்டது போலத் தண்ணீர் விடாது.

வீட்டில் பாக்கெட்டைத் தட்டி உடைத்து வித்தை காட்ட வேண்டாம், பாலை ஐஸ் ட்ரேயில் ஊற்றி வைத்தால் போதும். அடிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்து, ஓரம் இளகி நடுவில் கட்டியாக இருக்கும் பதத்தில் போடுங்கள்.

வாழைப்பழம் வேண்டாம் என்கிறார் உங்கள் வீட்டுக்காரர், சரி, அவர் மட்டிப்பழம் சாப்பிட்டதில்லை போல. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளம்தான் இருக்கும், தேன் வாசனை, பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிற பழம். அதற்கும் மூக்கைப் பொத்தினால் எங்களிடம் இன்னொரு ஆயுதம் இருக்கிறது, பலாப்பழம். வருக்கை வேண்டாம், அது கடித்துச் சாப்பிட. கூழன் வாங்குங்கள். கொழகொழவென்று இருக்கிறது என்று யாரும் மதிக்காமல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் ஸ்மூத்திக்கு அதுதான் தங்கம். கொட்டையை எடுத்துவிட்டு, நார் அதிகம் என்றால் சல்லடையில் தேய்த்து, தேங்காய்ப்பால், கொஞ்சம் கருப்பட்டிப் பாகு, சுக்குப் பொடி ஒரு சிட்டிகை. பலாப்பழப் பாயசத்தைக் குளிர வைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கும்.

இளநீர் வழுக்கையும் மறந்துவிடாதீர்கள். தண்ணீரைக் குடித்துவிட்டு வழுக்கையை வீசுகிறவர்கள் நிறைய. வாழைப்பழம் தருகிற அந்த வழவழப்பை வழுக்கை தரும், வாசனை எதையும் அடக்காது.


வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பால் கெட்டுவிட்டது என்று பால்காரரிடம் சண்டைக்குப் போக இருந்தேன், நல்லவேளை.

சில சந்தேகம். பாலைக் காய்ச்சாமல் அப்படியே உறைய வைக்கலாமா? எங்கள் மாமியாருக்குப் பச்சைப் பால் என்றாலே ஆகாது. அப்புறம் இந்த உறைந்த பழத்தை என் மிக்ஸி தாங்குமா? ஐஸ் கட்டி போட்டாலே ஜார் நடனமாடுகிறது. ஒரு தடவை சட்டென்று நின்றே போய்விட்டது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஓடியது.


மிக்ஸி டாக்டர்:

மிக்ஸி ரிப்பேர் தொழில், பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை. கோடை வந்தால் எங்களுக்கு வருகிற ஜாரில் பாதி ஐஸ் கட்டி கேஸ்தான், அதனால் கவனமாகக் கேளுங்கள்.

நின்று போனது ஓவர்லோடு. மிக்ஸியைக் கவிழ்த்தால் அடியில் சிவப்பாக ஒரு பட்டன் இருக்கும். லோடு தாங்காமல் அது விழுந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆற விடுங்கள், அப்புறம் பட்டனை அமுக்கினால் ஓடும். அமுக்கி அமுக்கி உடனே உடனே ஓட்டினால் காயில் கருகிவிடும், பிறகு என்னிடம்தான் வர வேண்டும்.

500 வாட் தாங்கும், ஆனால் ஒழுங்கு இருக்கிறது. முதலில் பாலோ தயிரோ ஜாரில் ஊற்றுங்கள், அதற்கு மேல் பழம். நீங்கள் பழத்தைப் போட்டுவிட்டு மேலே ஊற்றினால் பிளேடைச் சுற்றி வெறும் காற்றுதான் இருக்கும், பிளேடு சும்மா சுற்றும், மேலே இருப்பது இறங்காது. சத்தம் திடீரென்று லேசாகி மோட்டார் வேகம் எடுக்கிறது என்றால் அதுதான் அர்த்தம். நிறுத்தி, கரண்டிக் காம்பால் கிளறிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஓடும்போது கரண்டி விட வேண்டாம், சொல்லத் தேவையில்லை என்று நினைப்பீர்கள், கரண்டி மாட்டின ஜார் என் கடையில் எத்தனை வருகிறது தெரியுமா.

பெரிய ஜூஸர் ஜார் வேண்டாம். இரண்டு பேருக்குச் செய்வதானால் நடுத்தர ஜார்தான் சரி, அடி அகலம் குறைவு, பழம் பிளேடிடம் நெருங்கி இருக்கும். பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உறைந்த துண்டை எடுத்த உடனே போடாமல் ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள், நகம் இறங்குகிற பதம் வந்ததும் போடுங்கள். ஒரே மூச்சாக வேகம் மூன்றில் வைக்கக் கூடாது. குமிழை இடது பக்கம் திருப்பினால் விட்டு விட்டு ஓடும் இல்லையா, அதில் ஏழெட்டுத் தட்டு, தூளானதும் ஒன்றில் கொஞ்சம், கடைசியாக மூன்றில் ஒரு சுற்று. நிறுத்திவிடுங்கள். ரொம்ப நேரம் ஓட்டினால் மோட்டார் சூடு ஜாருக்கு ஏறி உறைந்தது எல்லாம் இளகிவிடும், காற்று வேறு ஏறி நுரையாகிவிடும்.

முழு ஐஸ் கட்டி போட்டால் பிளேடு மழுங்கும், ஜாருக்கு அடியில் புஷ் தேயும், கப்ளர் பல் உடையும். ஜாருக்குக் கீழே கறுப்பாகக் கசிகிறது என்றால் புஷ் போய்விட்டது என்று அர்த்தம், அதில் அடித்ததைக் குடிக்காதீர்கள்.


நுரைப்பால்:

மிக்ஸி டாக்டர் சொன்ன வரிசையை அப்படியே பின்பற்றுங்கள், எனக்குக் கூட அந்தப் பெரிய ஜார் விஷயம் புதிது.

பால் கேள்விக்கு: பாக்கெட் பால் பாஸ்சரைஸ் ஆனது, அதாவது 72 டிகிரியில் 15 விநாடி சூடுபடுத்திக் குளிர வைத்துத்தான் பாக்கெட்டில் அடைக்கிறார்கள். பாக்கெட் உடையாமல், வாங்கியதிலிருந்து குளிரிலேயே இருந்தால் அப்படியே உறைய வைக்கலாம். வெயிலில் கிடந்த பாக்கெட் என்றாலோ, வீட்டுக்கு வந்து ஊற்றுகிற கறவைப் பால் என்றாலோ கட்டாயம் காய்ச்சுங்கள். மாமியாருக்காகக் காய்ச்சி ஆற வைத்து உறைய வைத்தாலும் ஒன்றும் குறையாது, ஆடையை மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குடிக்கும்போது திரி மாதிரி வாயில் மாட்டும், மறுபடி பால் கெட்டுவிட்டது என்று ஆரம்பிப்பீர்கள்.


யாழ்ப்பாணத்தாள்:

பப்பாப்பழத்தோட பால் சேராது எண்டு எங்கட வீட்டில் சின்னனிலேயே சொல்லிப்போடுவினம், காரணம் இப்பதான் விளங்குது. நாங்கள் தேங்காய்ப்பால்தான் விடுவம். நல்லாப் பழுத்த பப்பாப்பழம், கெட்டியான முதற்பால், தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) ஒரு சொட்டு, கொஞ்சம் உப்பு, இனிப்புக்குப் பனங்கட்டி. பப்பாப்பழத்தில் ஒரு மாதிரி மணம் வரும், அதைப் பிடிக்காத ஆக்களுக்குத் தேசிக்காய் விட்டால் அந்த மணம் தெரியாது.

தேங்காய்ப்பாலில் ஒரு கவனம். கடையில் வாற தேங்காய்ப்பால் மாவில் கனக்கப் பேர் பாலில் இருந்து எடுத்த கேசீனும் சேர்க்கிறவை, பைக்கற்றின் பின்பக்கம் வாசிச்சுப் பாருங்கோ. அதைப் பப்பாப்பழத்தோட போட்டால் திரும்பவும் உங்கட கசப்புக் கதைதான். தேங்காய் துருவிப் பிழியிறதுதான் நல்லது.

மற்றது, தேங்காய் நெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழ போனால் இறுகிப்போடும். அதனால் குளிர்ந்த பழத்தோட தேங்காய்ப்பாலைக் கனநேரம் அடிச்சால் வெண்ணெய் திரளுற மாதிரிக் குட்டிக் குட்டிக் கட்டியாய் வாயில் தட்டுப்படும். பழத்தை முதல் அடிச்சுப் போட்டு, பாலைக் கடைசியாய் விட்டு ஒரு சுற்று மட்டும் விடுங்கோ.

கறுத்தக் கொழும்பான் கிடைக்கிற காலத்தில் எங்களுக்கு வேற மாம்பழம் தேவையில்லை, அதைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் இண்டைக்கு முடியாது. அது இல்லாத நாளில் விளாம்பழம். ஓட்டை உடைச்சு உள்ளுக்கு இருக்கிறதைத் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கையாலேயே பிசைஞ்சு வடிச்சுப் பாருங்கோ, மிக்ஸியே தேவையில்லை.


தாண்டிக்குடி மேடு:

இவ்வளவு பேர் எழுதியும் ஒருவர்கூடப் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) பற்றிச் சொல்லவில்லையே. மதுரைக்காரர், கொடைக்கானல் கீழ்மலை பக்கத்திலேயே இருக்கிறது, தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமெல்லாம் காபித் தோட்டத்துக்குள் நிழலுக்கு நிற்கிற மரத்திலேயே காய்த்துத் தொங்குகிறது. தடியன்குடிசையில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டிகேடி-1 என்று ஒரு ரகமே வந்திருக்கிறது. மழைக்காலத்தில் வத்தலக்குண்டு ரோட்டோரம் குவித்து வைத்து விற்பார்கள். நகரத்துக் கடையில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற வெளிநாட்டுக் காயின் விலையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள்.

இதில் கொழுப்பே நூற்றுக்குப் பதினைந்து பங்கு அளவுக்கு இருக்கிறது, அதனால் க்ரீம் வேண்டும் என்று யாரையும் கெஞ்ச வேண்டாம். அரைப் பழம், மாம்பழத் துண்டு, பால், அவ்வளவுதான். வாழைப்பழத்துக்குப் பதில் என்று கேட்டீர்களே, இதற்கு மேல் ஒன்று கிடையாது, வாசனை கிட்டத்தட்ட இல்லை. மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் சில நாளில் பழுத்துவிடும், அவசரம் என்றால் கூட ஒரு வாழைப்பழத்தை வையுங்கள், அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு இதையும் பழுக்க வைக்கும். காம்புப் பக்கம் அமுக்கினால் லேசாக உள்ளே போக வேண்டும். காயாக இருக்கும்போது அரைத்தால் கசக்கும், அப்புறம் அதற்கும் பப்பைன்தான் காரணம் என்று யாராவது சொல்லப் போகிறீர்கள். சூடு காட்டினாலும் கசக்கும், சூடான பாலில் போடாதீர்கள்.

வெட்டினால் கறுத்துவிடும். எலுமிச்சை நாலு சொட்டு விட்டுப் பிசைந்து உறைய வைத்தால் சீசன் முடிந்தும் கொஞ்ச நாள் ஓட்டலாம்.


தீவுக்காரன்:

சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே ஹாக்கர் சென்டரில் அவகாடோ ஷேக் கேட்டால் கண்ணாடி டம்ளரின் உள்பக்கம் முழுக்க குலா மலாக்கா பாகைச் சுழற்றி ஊற்றிவிட்டுத்தான் நிரப்புவார்கள். நம்மூர்க் கருப்பட்டிக்கு அண்ணன் தம்பி. பக்கத்து இந்தோனேசியாவில் சாக்லேட் சிரப், வியட்நாமில் கண்டென்ஸ்டு மில்க். கருப்பட்டியைக் கெட்டியாகக் காய்ச்சி வடிகட்டி ஆற வைத்து ஊற்றிப் பாருங்கள், கலக்கக் கூடாது, குடிக்கும்போது வரி வரியாக வாயில் வர வேண்டும்.


மூலிகைப்பெட்டி:

எல்லாம் சரி, பாலும் பழமும் சேரக் கூடாது என்று ஆயுர்வேதத்தில் விருத்தாகாரம் என்று இருக்கிறதே, அதை யாரும் யோசிக்கவில்லையா? அதோடு இப்படிப் பழத்தைக் கூழாக்கிக் குடிப்பதற்குப் பதில் நான்கு துண்டு வெட்டிச் சாப்பிட்டால் என்ன? எங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இரண்டு பேர்.


நுரைப்பால்:

வெட்டிச் சாப்பிடுவதுதான் முதல் தரம், அதில் எனக்கும் சண்டை இல்லை. ஒரு டம்ளர் ஸ்மூத்திக்குள் போகிற பழத்தை வெட்டிச் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் போதும் என்று எழுந்துவிடுவோம், குடிக்கும்போது அது தெரிவதில்லை. சர்க்கரைக்காரர்களுக்கு இது தினப்படிப் பானம் இல்லை, மருத்துவர் சொன்ன பழ அளவு எவ்வளவோ அதற்குள்தான். செய்வதானால் பட்டர் ஃப்ரூட், வடிகட்டிய தயிர், கொஞ்சம் கொய்யா, இனிப்பு எதுவும் சேர்க்காமல், சின்ன டம்ளர்.

ஆயுர்வேதம் பற்றி: பாலோடு புளிப்பைச் சேர்க்காதே என்பதுதான் அதில் அடிக்கடி சொல்லப்படுவது, அன்னாசியில் திரிந்த பாலைப் பார்த்தவர்கள் யாரும் அதை மறுக்க மாட்டார்கள். நன்றாகக் கனிந்த, துளியும் புளிக்காத மாம்பழத்தைப் பாலோடு சேர்ப்பது வேறு. நம்பிக்கையாகக் கடைப்பிடிக்கிறவர்கள் தேங்காய்ப்பால் பக்கம் போகலாம், யாழ்ப்பாணத்தாள் சொன்னது இருக்கிறதே.


வைகைக்கரை:

நேற்று செய்தேன். உறைந்த பங்கனப்பள்ளி, அரை பட்டர் ஃப்ரூட், ட்ரேயில் உறைய வைத்த பால், உப்பு. நடுத்தர ஜார், பால் முதலில், விட்டு விட்டு ஓட்டினேன். மிக்ஸி நிற்கவில்லை. ஸ்ட்ரா தூக்கி எறிந்துவிட்டு ஸ்பூனில்தான் சாப்பிட்டோம். வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் இனிப்பு வேண்டும் என்றார், அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். பப்பாளியைத் தனியாகத் தேங்காய்ப்பாலில் அடித்து ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தேன், ராத்திரி வரை கசக்கவில்லை, மேலே கொஞ்சம் பிரிந்து நின்றது, கலக்கினால் சரியாகிவிட்டது.

கடைசியாக இரண்டு. பையன் பள்ளிக்கூடத்துக்கு ஃபிளாஸ்கில் கொண்டுபோகக் கேட்கிறான், கொடுக்கலாமா? சீத்தாப்பழம் வரும்போது அதிலும் இப்படிச் செய்யலாமா?


நாஞ்சில்காரி:

சீத்தாவில் செய்யலாம், அமிர்தமாக இருக்கும், ஆனால் ஒரு விதைகூட மிக்ஸிக்குள் போகக் கூடாது. முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும், அரைபட்டால் உள்ளே இருப்பது நச்சு. பேனுக்கு அந்த விதையை அரைத்துத் தலையில் பூசி அது கண்ணில் வழிந்து கண் புண்ணானவர்கள் இருக்கிறார்கள். அதனால் இரண்டு தட்டு தட்டினால் விதை பிரிந்துவிடும் என்று வீடியோவில் காட்டுவதைச் செய்யாதீர்கள். பழத்தைச் சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் சதை இறங்கிவிடும், விதை மேலே நிற்கும். அப்புறம் விதையை எண்ணத் தேவையில்லை, ஆனால் சதையை ஒரு முறை விரலால் அளைந்து பாருங்கள்.


நுரைப்பால்:

ஃபிளாஸ்க் வேண்டாம். காலையில் அடித்தது மத்தியானம் திறக்கும்போது இளகிப் பிரிந்திருக்கும், பால் சேர்த்தது என்பதால் எங்கள் ஊர் வெயிலில் நான் துணிய மாட்டேன். பதிலுக்கு, ஒரு ஆள் அளவுக்கு மாம்பழமும் பட்டர் ஃப்ரூட்டும் சேர்த்துச் சின்னக் கவர்களில் போட்டு ஃபிரீசரில் வரிசையாக வைத்துவிடுங்கள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜாக இருந்தால் அதன் ஃபிரீசர் அவ்வளவு இறுகாது, ஓரிரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள், கரண்ட் போய் இளகினதை மறுபடி உறைய வைக்க வேண்டாம். பையன் சாயங்காலம் வந்து பையைக் கழற்றுவதற்குள் ஒரு கவரை உடைத்துப் போட்டு அடித்துவிடலாம்.